மாத்திரை தீர்ந்த தேதி

மனநலப் பிரிவில் செவிலியராகச் சேர்ந்து 19 வருடம் ஆகிறது. டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நோயாளியையும் கூட வந்தவரையும் உட்காரவைத்து, விவரம் கேட்டு ஓ.பி. சீட்டில் எழுதுவது என் வேலை. முதல் ஆறேழு வருடம் "இப்ப என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். "எதுவும் இல்லை" என்பார்கள். அதை அப்படியே எழுதிவிடுவேன். போன மாதம் வரை சாப்பிட்டு நிறுத்தியது என்ன என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

அதைக் கேட்கவைத்தவர் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா. வயது 54. கைலி நெசவுக் குடும்பம், கணவர் இறந்து நாலு வருடம். மருமகள்தான் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, உட்கார்ந்த இடத்தில் அழுகை, எதிலும் கவனம் நிற்பதில்லை. வேறோர் இடத்தில் காட்டி, மனச்சோர்வு என்று சொல்லி அதற்கான மாத்திரையும் தொடங்கியிருந்தார்கள். சாப்பிட ஆரம்பித்த பத்து நாளில் படபடப்பு இன்னும் கூடிவிட்டது என்றார் மருமகள். காகிதத்தில் பார்த்தால் எல்லாமே மனச்சோர்வுக்குப் பொருந்தும். இரண்டு வாரம் தாண்டியாகிவிட்டது, தூக்கம் போயிற்று, பசி போயிற்று, அழுகை வேறு. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஆனால் ஆளைப் பார்த்தபோது ஏதோ ஒட்டவில்லை. கடுமையான மனச்சோர்வில் வருகிற பலர் நாற்காலியில் மூட்டை மாதிரி இருப்பார்கள். ஒரு கேள்விக்குப் பதில் வர அரை நிமிடம் ஆகும். இந்த அம்மா பத்து நிமிடத்தில் நாலு முறை எழுந்தார். டியூப் லைட்டைப் பார்க்க முடியாமல் முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டார். வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போக, அந்தச் சக்கரச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிவாரிப்போட்டது. கையைப் பிடித்தேன். உள்ளங்கை நனைந்திருந்தது, விரல்கள் நடுங்கின. "தண்ணி குடிச்சா வாயெல்லாம் காசு நக்குன மாதிரி கீது சிஸ்டர்" என்றார்.

பேரனைப் பற்றிக் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. "அவனத் தூக்கி வெச்சுக்கணும்னு ஆசையாதான் கீது. ஆனா அவன் ஒரு சத்தம் போட்டா அடிவயிறே கலங்குது."

அந்த ஆசை என்ற சொல்லில்தான் நான் நின்றேன். மனச்சோர்வு முதலில் தின்பது பெரும்பாலும் அதைத்தான். பேரன் வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று என்று ஆகிவிடும். இவருக்கு ஆசை அப்படியே இருக்கிறது, உடம்புதான் தாங்கவில்லை.

சரி, எப்போது ஆரம்பித்தது? எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தேதி நினைவிருக்காது, திருவிழா நினைவிருக்கும். "சிரசு அன்னிக்கு" என்றார். வைகாசி முதல் நாள், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே தெருவில் நிற்க, இவர் உள்ளறையில் கதவைச் சாத்தி, மேளச் சத்தம் கேட்காமல் இருக்க காதில் துணியை அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அதற்கு முந்தின வாரம் எப்படி இருந்தார் என்றால், நன்றாகத்தான் இருந்தாராம்.

அப்போதுதான் மருமகள் சொன்னார். "அத்தை ஒரு நரம்பு மாத்திரை சாப்பிடுவாங்க சிஸ்டர். அது சிரசுக்கு ரெண்டு நாள் முன்னாடி தீந்துபோச்சு. சீட்டு இல்லாம தர மாட்டேன்னு மெடிக்கல்ல சொல்லிட்டாங்க." அட்டை வீட்டில் இருந்தது. அடுத்த முறை கொண்டுவரச் சொல்லாமல், உடனே போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம். கணவர் இறந்த துக்கத்தில் தூக்கத்துக்காகத் தொடங்கி, இரவில் ஒன்று, பிறகு காலையிலும் ஒன்று என்று நாலு வருடம்.

மெடிக்கல்காரர் செய்தது சரிதான். மருந்து விற்பனை விதிகளில் 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் ஹெச் 1 அட்டவணையில் அல்பிரசோலம், அதே வகை மாத்திரையான டயஜெபாம் எல்லாம் உண்டு. மருத்துவர் சீட்டு வேண்டும், தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும், அதை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆனால் இதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, வலிப்பு வரைக்கும் போகலாம் என்று அந்த அம்மாவுக்கு நாலு வருடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

மூளையில் காபா என்ற ரசாயனம் நரம்புகளின் துடிப்பைத் தணித்து வைக்கிறது. இந்த மாத்திரைகள் அதன் வேலைக்குக் கை கொடுக்கின்றன. மாதக்கணக்கில் வெளியிலிருந்து உதவி வந்தால் மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். ஒரே நாளில் உதவி நின்றால் தணிக்க ஆளில்லை. வெளிச்சம், சத்தம், தசை, குடல் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். அல்பிரசோலம் சீக்கிரம் உடம்பைவிட்டுப் போய்விடும் என்பதால் ஒன்றிரண்டு நாளிலேயே தெரிந்துவிடும். டயஜெபாம் பல நாள் தங்கும். நிறுத்தி ஒரு வாரம் கழித்துக்கூடத் தொல்லை ஆரம்பிக்கலாம், அதனால் மாத்திரையோடு அதை யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

"அரை மில்லிதானே" என்ற அலட்சியம் இன்னொன்று. இங்கிலாந்தின் நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் என்ற மருத்துவர் 1982 முதல் 1994 வரை இந்த மாத்திரைகளிலிருந்து மக்களை மீட்பதற்கென்றே கிளினிக் நடத்தினார். அவர் கணக்கில் அல்பிரசோலம் அரை மில்லிகிராம் என்பது டயஜெபாம் 10 மில்லிகிராமுக்குச் சமம். எண் சின்னது என்பதால் மருந்து சின்னது ஆகிவிடாது.

எங்கள் டாக்டர் அந்த அம்மாவை, உடம்பில் பல நாள் தங்கும் என்பதால் டயஜெபாமுக்கு மாற்றி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். முழுக்க விட எட்டு மாதம் ஆயிற்று. இடையில் ஒரு முறை குறைத்தது தாங்காமல், மேலும் குறைக்காமல் அதே அளவிலேயே ஒரு மாதம் வைத்திருந்தோம்.

இதற்குப் பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. யார் வந்தாலும் மாத்திரை நிறுத்தியதுதான் காரணம் என்று பார்க்க ஆரம்பித்தேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர் ஒருவர், முறையாகக் குறைத்து மாத்திரையை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. "மாத்திரைய விட்டதுலருந்துதான் இப்படி" என்று மனைவி சொல்ல, நானும் அதையே எழுதப் போனேன். ஆனால் நடுக்கம் இல்லை, வியர்வை இல்லை, சத்தம் ஒரு பொருட்டே இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, காலையில் பாறை வைத்தது போல் பாரம், சாயங்காலம் கொஞ்சம் தேவலை. மகள் முதல் ரேங்க் வாங்கியதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. முன்னால் போய்த் தோண்டினால், மாத்திரை தொடங்கியதே இந்த விடியற்கால விழிப்புக்காகத்தான் என்று தெரிந்தது. நோய் முதலில் வந்தது, மாத்திரை பிறகு வந்தது. வீட்டுப் பத்திரத்தையும் எல்.ஐ.சி. காகிதத்தையும் எங்கே வைத்திருக்கிறார் என்று போன வாரம் காட்டினார் என மனைவி பேச்சுவாக்கில் சொன்னார். மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டு, "சாகணும்னு தோணுதா அண்ணா?" என்று நேராகவே கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். அன்றே சேர்த்துக்கொண்டோம்.

அந்தக் கேள்வியை நான் இப்போது மனச்சோர்வில் வருகிறவர்கள், மாத்திரை விட்டு வருகிறவர்கள் என்ற இரண்டு பக்கத்தாரிடமும் கேட்கிறேன். மாத்திரை விட்ட தொல்லையிலும் மனம் அடியோடு இடிந்து போகலாம், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றலாம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பதும் உண்டு. பழைய பதற்றமே திரும்பி வருவதும் உண்டு. அது பெரும்பாலும் பழைய முகத்தோடு வரும், வாயில் உலோக ருசி, தோலில் எறும்பு ஊர்வது போன்ற புதுச் சங்கதிகளை அவ்வளவாகக் கொண்டுவராது. ஒரே நாளில் பிரிக்க முடியாதபோது டாக்டர் அவசரப்பட்டுப் பெயர் வைக்காமல், வாரம் தவறாமல் வரச்சொல்லிப் பார்ப்பார். இடையில் இரவு நேரத்தில் மனம் தாளாவிட்டால் கூப்பிட 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி எண்ணைச் சீட்டின் மேலேயே எழுதிக் கொடுக்கிறேன்.

கூட வந்தவரை வெளியே அனுப்பாமல் பேசுவது இதில் ரொம்பவும் உதவுகிறது. வேலூர் பாகாயத்தில் இருக்கும் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டாரையும் தங்கவைக்கிற வழக்கம் பல பத்தாண்டுகளாக உண்டு. அதன் அருமை எனக்கு அந்த மருமகளால் புரிந்தது. சாவைப் பற்றிய கேள்விக்கு மட்டும் தனிமை வேண்டும்.

அப்புறம், குடியாத்தத்தில் அந்த மெடிக்கல்காரரையும் போய்ப் பார்த்தேன். தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்கித்தான் போனேன். முழுதும் கேட்டுவிட்டு, "எனக்கு மட்டும் யாரு சொன்னாங்க சிஸ்டர்?" என்றார். இப்போது சீட்டில்லாமல் வருகிறவர்களுக்கு மாத்திரை தருவதில்லை, ஆனால் சும்மா திருப்பி அனுப்புவதும் இல்லை. போன வாரம் ஒரு பெரியவர் ஒரு துண்டுக் காகிதத்தை என் மேசையில் வைத்தார். அந்த மெடிக்கல்காரருடைய கையெழுத்துதான். "இவர் 2 வருடமாகச் சாப்பிடுகிறார். தினம் ஒன்று. நேற்று இரவோடு தீர்ந்தது."