முதல் கீமோவுக்கு முந்தைய வாரங்கள்

மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்தபோது எனக்கு 29 வயது. திருமணம் ஆகவில்லை. கட்டி சற்றுப் பெரிது, உடலின் ஹார்மோனைத் தீனியாகக் கொண்டு வளரும் 'ஹார்மோன் பாசிட்டிவ்' வகை. முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுவை சிகிச்சை என்று திருச்சியில் நாங்கள் பார்த்த மருத்துவமனையில் முடிவு செய்தார்கள். அடுத்த வாரத்திலேயே தேதியும் கொடுத்துவிட்டார்கள். முடி கொட்டும், வாந்தி வரும், வாயில் புண் வரும், காய்ச்சல் கண்டால் நள்ளிரவானாலும் வந்துவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார்கள். பின்னாளில் எனக்குக் குழந்தை பிறக்குமா என்பதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

கையெழுத்துக்காகக் கொடுத்த படிவத்தில், பக்க விளைவுகளின் வரிசையில் 'மாதவிடாய் நின்றுபோகலாம்' என்று ஒரு வரி இருந்தது. கொஞ்ச காலத்துக்கா, ஒரேயடியாகவா என்று கேட்டேன். "முதலில் உயிர் பிழைக்க வேண்டும் அம்மா. மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார் மருத்துவர். என் மீதுள்ள அக்கறையில்தான் அப்படிச் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த செவிலியர் அக்கா, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வேறொன்று சொன்னார்: "மருந்து ஏறிவிட்டால் அப்புறம் பார்ப்பதற்கு என்ன மிச்சம் இருக்கும் என்று சொல்ல முடியாது பாப்பா. மனதின் ஓரத்தில் குழந்தை ஆசை இருந்தால்கூடப் போதும், முதல் மருந்துக்கு முன்னால் கருத்தரிப்பு மையத்துக்குப் போய்வந்துவிடு. டாக்டரிடம் கடிதம் கேள், கொடுப்பார்." கேட்டேன். மறுக்காமல் கொடுத்தார், கீமோவை எவ்வளவு நாள் தள்ளலாம் என்பதையும் அதிலேயே எழுதினார். அந்த அக்கா இல்லையென்றால் இந்தக் கட்டுரையே இல்லை.

தில்லை நகர்ப் பக்கம் ஒரு கருத்தரிப்பு மையம். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தம்பதிகள். முன்பதிவு மேசையில் கணவர் பெயர் கேட்டார்கள், இல்லை என்றதும் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதிக்கொண்டார்கள். அம்மா தலை நிமிரவே இல்லை.

உள்ளே இருந்த பெண் மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுக்கான கருமுட்டைகள் அத்தனையும் சினைப்பையில் இருக்கின்றன, 10 முதல் 20 லட்சம் வரை. அதற்குப் பிறகு கூடுவது கிடையாது, குறைவது மட்டும்தான். எனக்குக் கொடுக்கவிருந்த மருந்துகளில் சைக்ளோபாஸ்பமைடு என்பது உறக்கத்தில் இருக்கும் முட்டைகளையும் அழிக்கக் கூடியது. என் வயதில் கீமோ முடிந்த சில மாதங்களில் பலருக்கு மாதவிடாய் திரும்பிவிடும் என்றார். ஆனால் மாதவிடாய் வருவதால் முட்டை இருப்பு பழையபடி இருக்கிறது என்று பொருள் இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் படித்த பெண்கள்கூட அறியாமல் இருக்கிறார்கள் என்பதைப் பின்னாளில் சிகிச்சைக்கு வந்த பலரிடம் பேசித் தெரிந்துகொண்டேன். அதன்மேல் எனக்கு ஐந்து ஆண்டுகளாவது, ஹார்மோன் கட்டிக்குத் தீனியாகாமல் தடுக்கும் டாமாக்ஸிஃபென் மாத்திரை உண்டு, அதைச் சாப்பிடும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. மருந்து அழிப்பது ஒரு பக்கம், வயது கரைப்பது இன்னொரு பக்கம்.

என் முன்னால் இருந்த வழி கருமுட்டைகளை எடுத்து உறைய வைப்பது. திருமணமானவர்கள் என்றால் கருவாகவே உறைய வைக்கலாம். முட்டையை அதிவேகமாக உறையச் செய்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். இதைப் பரிசோதனை நிலையில் உள்ள முறை அல்ல என்று அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012இலேயே அறிவித்துவிட்டது. இந்தியாவில் கருத்தரிப்புச் சிகிச்சைகளுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 முதல் 50 வயது வரையிலான பெண் இந்தச் சிகிச்சையைப் பெறலாம். திருமணமாகாதது அதற்குத் தடையில்லை என்று மருத்துவர் சொன்னதும் அம்மாவிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. நிம்மதியா, கவலையா என்று தெரியவில்லை.

உண்மையான போராட்டம் வீட்டில் நடந்தது. எங்கள் ஊரான முசிறிக்குத் திரும்பிய அன்று இரவே பெரியம்மா போனில் வந்துவிட்டார். "உயிரோடு இருப்பதே பெரிது. இந்த நேரத்தில் இது ஒரு கேடா? நாளைக்கு வெளியே தெரிந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள்?" அம்மாவின் பயம் வேறு. முட்டை வளர்வதைப் பார்க்கும் ஸ்கேனும், முட்டையை எடுக்கும் ஊசியும் பிறப்புறுப்பு வழியாகச் செய்யப்படுபவை. கல்யாணமாகாத பெண்ணுக்கு இதைச் செய்யலாமா என்று அம்மா அழுதார். மறுநாள் அம்மாவே மருத்துவரிடம் தனியாகக் கேட்டார். ஸ்கேனை வயிற்றின் மேல் வைத்தோ, தேவைப்பட்டால் ஆசனவாய் வழியாகவோ பார்க்கலாம், முட்டை எடுப்பதை மட்டும் மயக்கத்தில் அந்த வழியாகத்தான் செய்ய வேண்டியிருக்கும், மகளின் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். வெளியே வந்த அம்மா என்னைப் பார்த்து, "உனக்குச் சம்மதமா?" என்று மட்டும் கேட்டார். சம்மதம் என்றேன். அதன் பிறகு பெரியம்மாவின் போன்களுக்கு அம்மாவே பதில் சொன்னார்.

ஒரு மகளின் உடம்பைப் பற்றிய முடிவில் ஊர் என்ன சொல்லும் என்பது எத்தனை பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது! இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. வருங்கால மாப்பிள்ளையின் முகம் தெரியாது, அவர் வருவாரா என்றும் தெரியாது. என் முட்டைகள் எனக்கு வேண்டும் என்று நினைப்பதற்கு அவர் வந்தாக வேண்டியதில்லை.

செலவு மருந்துகளோடு சேர்த்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. எங்கள் காப்பீட்டில் கீமோவுக்கு இடம் இருந்தது, இதற்கு இல்லை. கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த நகையில் ஒரு பகுதியை அப்பா அடகு வைத்தார். அதைப் பற்றி அவர் என்னிடம் இன்றுவரை ஒன்றும் பேசியதில்லை. அடகு வைக்க நகை இல்லாத வீட்டுப் பெண் இந்த இடத்தில் என்ன செய்வாள்? முட்டைகளை இழக்கச் செய்வது சிகிச்சைதான் எனும்போது, அவற்றைக் காப்பதையும் சிகிச்சைச் செலவாகவே காப்பீடு ஏற்க வேண்டும்.

முன்பெல்லாம் மாதவிடாய் வரும் நாளுக்காகக் காத்திருந்துதான் ஊசி தொடங்குவார்களாம். இப்போது புற்றுநோயாளிகளுக்குச் சுழற்சியின் எந்த நாளிலும் தொடங்கிவிடுகிறார்கள். முட்டை இருப்பைக் கணிக்கும் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்ததுமே எனக்கும் தொடங்கினார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம், தினமும் ஒரே நேரத்தில் வயிற்றில் ஹார்மோன் ஊசி. அப்பா ஐஸ் பெட்டியில் வைத்து முசிறிக்குக் கொண்டுவந்த ஊசிகளைப் பக்கத்துத் தெருவில் இருந்த செவிலியர் வந்து போட்டுவிட்டுப் போவார். கூடவே லெட்ரோசோல் மாத்திரை. முட்டைகள் வளர வளர ஈஸ்ட்ரோஜன் ஏறும். ஹார்மோன் பாசிட்டிவ் கட்டிக்கு அது தீனியாகிவிடக் கூடாது என்பதற்காக அளவைத் தாழ்த்தி வைப்பது அந்த மாத்திரையின் வேலை. இதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. குழந்தை ஆசையில் புற்றுநோயை வளர்த்துவிடுவேனோ என்ற பயம் அதுவரை என்னைத் தின்றுகொண்டிருந்தது.

கடைசி ஊசிக்கு நிமிடக் கணக்கு உண்டு. இரவில் அதைப் போட்டதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் முட்டைகளை எடுக்க வேண்டும், பிந்தினால் அவை வெளியேறிவிடும். எடுப்பது மயக்கத்தில் அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. விழித்ததும் அடிவயிறு கனத்துப் பிடித்தது, இரண்டு நாள் உப்புசம் இருந்தது. வலியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பின்னால் வந்த சிவப்பு நிறக் கீமோ மருந்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

முதிர்ந்த முட்டைகள் 11 கிடைத்தன. இதில் எத்தனை உருகும்போது பிழைக்கும், எத்தனை கருவாகும், ஒன்றாவது குழந்தையாகுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்பதை மருத்துவர் முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தார். மயக்கத்துக்கு முந்தைய நாள் கையெழுத்திட்ட ஒப்புதல் தாளில், நான் இறந்துவிட்டால் முட்டைகளை என்ன செய்வது என்றும் ஒரு கேள்வி இருந்தது. அழித்துவிடலாம் என்று எழுதினேன். நோய் உறுதியான நாளில்கூட வராத அழுகை அப்போது வந்தது.

முட்டை எடுத்த கையோடு வயிற்றின் தோலுக்கடியில் கோசெரலின் ஊசி போட்டார்கள். கொஞ்சம் தடித்த ஊசி. கீமோ நடக்கும் மாதங்களில் சினைப்பையை உறங்க வைக்க 28 நாட்களுக்கு ஒருமுறை போடுவது. முதல் ஊசி கீமோவுக்கு ஒரு வாரம் முன்பே போய்விடுவது நல்லது என்பதால் இரண்டு மருத்துவர்களும் தொலைபேசியில் பேசித் தேதியை ஒழுங்கு செய்தார்கள். இது முட்டை சேமிப்புக்கு மாற்று அல்ல, கூடுதல் காப்பு மட்டும்தான் என்று இருவருமே சொன்னார்கள். ஊசி மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் திரும்பக் கேளுங்கள்.

எல்லோருக்கும் இந்த வாரங்கள் கிடைப்பதில்லை. கீமோ வார்டில் என் பக்கத்துப் படுக்கையில் கடுமையான ரத்தப் புற்றுநோயோடு ஒரு கல்லூரி மாணவி இருந்தாள். நோய் தெரிந்த ஓரிரு நாளிலேயே மருந்து தொடங்கியாக வேண்டிய நிலை. அவளுக்கு ஊசிபோட்டுக் காத்திருக்க நேரமே இல்லை. லேப்ராஸ்கோபி எனும் சிறுதுளை அறுவை மூலம் சினைப்பைத் திசுவையே எடுத்து உறைய வைக்கும் முறை ஒன்று இருக்கிறது, பூப்பெய்தாத சிறுமிகளுக்கும் அதுதான் வழி. அப்படி வைத்த திசுவைத் திரும்பப் பொருத்தி முதல் குழந்தை 2004இல் பெல்ஜியத்தில் பிறந்தது. ஆனால் ரத்தப் புற்றுநோயில் அந்தத் திசுவோடு நோய்ச் செல்களும் திரும்பிவிடும் அபாயம் உண்டு. அவள் என் கதையைக் கேட்டுவிட்டு, "உங்களுக்காவது முடிந்ததே அக்கா" என்றாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து டாமாக்ஸிஃபென் மாத்திரையில் இருக்கிறேன். 18 முதல் 30 மாதம் இதுபோன்ற ஹார்மோன் சிகிச்சை எடுத்துவிட்டு, கருத்தரிப்பதற்காக இரண்டு ஆண்டு வரை அதை நிறுத்திய 500க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வு 2023இல் வெளியானது. முதல் சில ஆண்டுகளில் அவர்களுக்கு நோய் திரும்புவது கூடவில்லை, அதற்கு மேலான காலத்துக்குத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள் என்று என் மருத்துவர் சொன்னார். நான் எப்போது என்ன செய்வேன் என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த 2021 சட்டம் முட்டைச் சேமிப்புக்கு 10 ஆண்டு வரம்பு வைத்திருக்கிறது. என் கணக்கில் அது 39 வயது. 21 வயதில் நோய் கண்ட பெண்ணுக்கோ 31 வயதிலேயே காலம் முடிந்துவிடும். புற்றுநோயாளிகளுக்காவது இந்த வரம்பைத் தளர்த்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கீமோ தேதி கையில் இருக்கும் பெண்ணோ அவளுடைய அம்மாவோ இதைப் படித்தால், பயாப்ஸி அறிக்கையையும் கீமோ மருந்துகளின் பெயர்ப் பட்டியலையும் புற்றுநோய் மருத்துவரின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, முடிந்தால் நாளைக் காலையே ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போங்கள். கீமோவை எத்தனை நாள் தள்ளலாம், தள்ளவே கூடாதா என்பதைப் புற்றுநோய் மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள், இரு மருத்துவர்களையும் ஒருவரோடு ஒருவர் பேச வையுங்கள். போய்க் கேட்ட பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தாலும் தவறில்லை, அது அந்தப் பெண் தானே எடுத்த முடிவாக இருக்கும்.