அப்பாவின் பித்தநாளக் கல்

ஜூன் 3, 2024
காலையில் திண்ணை வெளிச்சத்தில்தான் கவனித்தேன், அப்பாவின் கண் மஞ்சள். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் ‘வாயு’ என்றார். ராத்திரி உடம்பு உதற உதறக் காய்ச்சல். அதைவிட என்னைப் பயமுறுத்தியது, என்னை அத்தை பேர் சொல்லிக் கூப்பிட்டு, “பஸ் வந்துருச்சா?” என்று கேட்டதுதான். வயதானவர்களுக்குப் பித்தநாளத்தில், அதாவது கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் குழாயில், சீழ் பிடித்தால் வலியே பெரிதாகத் தெரியாமல் இப்படிக் குழப்பமாகவும் வெளிப்படலாம் என்றார் டியூட்டி டாக்டர். சித்தப்பா போனில், “கீழாநெல்லி அரைச்சுக் குடு.” கல் அடைத்து வரும் காமாலைக்குக் கீழாநெல்லி என்ன செய்யும்?

ஜூன் 4
ஸ்கேனில் பித்தநாளத்தில் இரண்டு கல். ஈஆர்சிபி செய்யவேண்டும் என்கிறார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலில் நாளம் திறக்கும் இடம்வரை போவது. “83 வயசுல இதெல்லாம் தாங்குவாரா? மருந்துலயே பார்க்கலாமே” என்றான் தம்பி. நானும் டாக்டரிடம் அதையேதான் கேட்டேன். அடைப்பு இருக்கிறவரை மருந்து மட்டும் போதாது, வயிற்றைத் திறப்பது இன்னும் பாரம் என்றார். இதில் எல்லாரும் பயப்படுவது கணைய அழற்சிக்கு. 100 பேரில் 3 முதல் 10 பேருக்கு வரலாம். வயதானவர்களுக்கு அது சற்றுக் குறைவாம். அவர்களுக்கு மயக்க மருந்தில் ஆக்சிஜன் இறங்குவதும், இதயமும், ரத்தக்கசிவும்தான் கவலை.

அப்புறம்தான் டாக்டர் கேட்டார், “குளோபிடோகிரல் போடுறாரா?” ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை அது, வெட்டினால் ரத்தம் நிற்காது. 2020-ல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அதுவும் ஆஸ்பிரினும். அப்படியானால் இப்போது நாளத்தின் வாயை வெட்டவேண்டாம், பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை நாளத்தில் வைத்துச் சீழை மட்டும் வடியவிடுவோம், கல்லைப் பிறகு பார்ப்போம் என்றார். வயதைவிட மாத்திரைப் பட்டியல்தான் முக்கியம் போலிருக்கிறது.

ஜூன் 5
பல்செட்டைக் கழற்றி என் கர்ச்சீப்பில் முடிந்துகொண்டேன். கணையத்துக்குக் காப்பாக டைக்ளோஃபினாக் 100 மி.கி. ஆசனவாயில் வைத்தார்கள், அதற்கு முன் சிறுநீரகம் தாங்குமா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தார்கள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மயக்க மருந்துக்குத் தனி டாக்டர் இருந்தார். நடுவில் ஒருமுறை ஆக்சிஜன் 86-க்கு இறங்கியதாம். தாடையைத் தூக்கிப் பிடித்ததும் ஏறிவிட்டதாம். வெளியே வந்து அவரே சொன்னார். ஸ்டென்ட் வைத்ததுமே சீழ் கொட்டியதாம்.

ஜூன் 6
காய்ச்சல் இல்லை. என்னைச் சரியான பேர் சொல்லிக் கூப்பிட்டு, காபி கேட்டார்.

ஜூன் 24
கல்லை எடுக்கும் இரண்டாம் முறைக்காக, இதய டாக்டர் குளோபிடோகிரலை மட்டும் 5 நாள் நிறுத்தச் சம்மதித்தார். ஆஸ்பிரின் தொடரும். பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை மூன்று மாதத்துக்குள் எடுக்காவிட்டால் அதுவே அடைத்துக்கொண்டு மறுபடி காய்ச்சல் வருமாம். நாள்காட்டியில் சிவப்பு மையில் வட்டம் போட்டேன்.

ஜூலை 9
இரண்டாம் முறை. நாளத்தின் வாயைச் சிறிதாக வெட்டி, பலூனால் இழுத்ததில் இரண்டு கல்லும் வந்துவிட்டன, ஸ்டென்ட்டையும் எடுத்தாயிற்று. பித்தப்பையை எடுப்பதா என்று அடுத்த மாதம் பேசலாம் என்கிறார்கள்.

ஜூலை 13
வெட்டிய இடத்தில் சில நாள் கழித்தும் ரத்தம் கசியலாம், மலம் கறுப்பாகப் போகிறதா பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தினமும் காலையில் கதவுக்கு வெளியே நின்று கேட்கிறேன். இன்றைக்கு உள்ளிருந்தே எரிச்சலாகக் குரல் வந்தது: “மஞ்சளாத்தான் இருக்கு. போய் காபியப் போடு!”