தள்ளுபடிக்கு ஒரு காரணம்

வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய்வந்த அரசு ஊழியர் என்றாலே அலுவலகத்தில் ஒரு கேலி காத்திருக்கும். "ஊர் சுத்திப் பாத்தாச்சா மேடம்? சாக்லேட் எங்கே?" ஸ்வீடனில் ஒரு பல்கலைக்கழகம் நடத்திய பயிற்சிக்கு நான் போய் வந்தபோதும் அதைத்தான் கேட்டார்கள். அப்போது தர்மபுரி மாவட்டத்தில் ஒரு வட்டத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியராக இருந்தேன். முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, இவைதான் என் மேஜை. கேலியில் பாதி நியாயம் என்றே சொல்வேன். ஊர் சுற்றினோம், சாக்லேட்டும் வாங்கி வந்தேன்.

ஸ்வீடனின் வளர்ச்சி உதவி நிறுவனமான சிடா பணம் தர, அங்குள்ள பல்கலைக்கழகங்கள் வளரும் நாடுகளின் அதிகாரிகளுக்கு இப்படிப் பயிற்சிகள் நடத்துவது அப்போது வழக்கமாக இருந்தது. சில வாரம் அங்கே பாடம், பிறகு அவரவர் அலுவலகத்துக்குத் திரும்பி ஏதாவது ஒன்றை மாற்றிக் காட்டி அறிக்கை தர வேண்டும். எங்கள் பாடம் நீடித்த வளர்ச்சியும் உரிமை சார்ந்த நிர்வாகமும். பங்கேற்பு, பொறுப்புக்கூறல், பாகுபாடின்மை, வெளிப்படைத்தன்மை என்று நான்கைச் சொல்லி, 2015ல் ஐ.நா. ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் பதினாறாவதான அமைதி, நீதி, வலுவான நிறுவனங்கள் என்பதோடு அதை முடிச்சுப் போட்டார்கள். பாதி நாள் திரையில் வட்டங்களும் அம்புக்குறிகளும்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கென்யாக்காரரும் நானும் மாறி மாறித் தூங்கி விழுந்தோம்.

ஒருநாள் உள்ளாட்சி அலுவலகம் ஒன்றைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். அங்கே பெயர், முகவரியை மறைத்த ஒரு கடிதத்தைக் காட்டினார்கள். யாரோ உதவி கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். எந்தச் சட்டப்படி இல்லை, அவர் சொன்ன எந்த விவரத்தை எப்படி எடைபோட்டார்கள் என்று ஒன்றரைப் பக்கம். கீழே முடிவெடுத்தவர் பெயர், தொலைபேசி எண். அதற்கும் கீழே, இந்த முடிவு பிடிக்கவில்லை என்றால் கடிதம் கிடைத்த மூன்று வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று எப்படிச் செய்வது என்பதோடு சேர்த்து எழுதியிருந்தது. மேல்முறையீட்டை 'இல்லை' என்று சொன்ன அந்த அலுவலகத்திலேயே கொடுத்தால் போதும். அவர்களே நிர்வாக நீதிமன்றத்துக்கு அனுப்பி வைப்பார்கள்.

எனக்கு உடனே எங்கள் ஆபீஸ் தள்ளுபடிக் கடிதம் நினைவுக்கு வந்தது. "விசாரணையில் மனுதாரர் தகுதியற்றவர் எனத் தெரியவருவதால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது." அவ்வளவுதான். திங்கட்கிழமை மனு நாளில் வாங்கும் எந்த மனுவுக்கும் இந்த ஒரே வரி பொருந்தும்.

அவர்கள் 1766லேயே அரசு ஆவணங்களை மக்கள் பார்க்கச் சட்டம் போட்டவர்கள், நம்மோடு ஒப்பிடலாமா என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் இந்தியாவிலேயே முதலில், 1997ல், தகவல் உரிமைக்குச் சட்டம் போட்டது தமிழ்நாடு. அதைவிட, 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 4(1)(ஈ) என்று ஒரு பிரிவு இருக்கிறது. அரசு அலுவலகம் எடுக்கும் முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்படுபவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது அது. யாரும் மனுப்போட்டுக் கேட்க வேண்டியதில்லை, அலுவலகமே சொல்ல வேண்டும். தகவல் சட்டம் என்றால் முப்பது நாள் கெடு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் என்று மட்டும் பேசும் நாங்கள் அந்தப் பிரிவைத் தொட்டதே கிடையாது.

வகுப்பில் அரசே மக்கள் உரிமையை மீறிய ஒரு சம்பவத்தைச் சொந்த ஊரிலிருந்து சொல்லச் சொன்னார்கள். தர்மபுரிக்காரி வேறு எதைச் சொல்ல முடியும்? அரூர் பக்கம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20ல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை எல்லாம் சேர்ந்து போய் ஒரு மலைவாழ் மக்கள் ஊரையே சூறையாடியது, 18 பெண்களுக்கு நேர்ந்த கொடுமை, சி.பி.ஐ. விசாரணைக்கே 1995ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. 2011 செப்டம்பர் 29ல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மீதி 215 பேருமே குற்றவாளிகள். அதில் ஐந்து பேர் என் துறை. (2023ல் உயர் நீதிமன்றமும் அதே தீர்ப்பை உறுதி செய்தது.) சொல்லி முடித்ததும் வகுப்பு கனத்துப் போனது, பேராசிரியர் நல்ல உதாரணம் என்றார். எனக்கு என்னவோ ஒட்டவில்லை. அந்த அளவுக் கொடுமையைப் பேசும்போது, நாம் அந்த ஐந்து பேரில் ஒருவர் இல்லை என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. தினப்படி தள்ளுபடி மனுவில் அந்த நிம்மதிக்கு இடமில்லை, அதில் கையெழுத்து என்னுடையது. மாற்றிக் காட்ட வேண்டிய வேலையாக அந்தக் கடிதத்தையே எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து புதுப் படிவம் ஒன்று போட்டோம். முதல் வரி முடிவு, இரண்டாவது காரணம், மூன்றாவது கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பது. என் உதவியாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேடம், காரணத்த நாமளே எழுதிக் குடுத்தா நாளைக்கே கோர்ட்டுக்குப் போயிடுவாங்க." அப்படி யாரும் போகவில்லை. மாற்றம் வேறு இடத்திலிருந்து வந்தது. மனுதாரர் கைக்குப் போகும் காகிதத்தில் காரணம் எழுத வேண்டும் என்றதும் வி.ஏ.ஓ.க்களின் விசாரணை அறிக்கை மாறத் தொடங்கியது. முன்பு "மகன் உள்ளார்" என்று எழுதினால் தள்ளுபடிக்கு அதுவே போதும். இப்போது மகன் எங்கே இருக்கிறார், சோறு போடுகிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் எழுத முடிந்தது. இல்லையென்றால் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அம்மா நேராக வி.ஏ.ஓ. வீட்டு வாசலுக்கே போய்விடும்.

எங்கள் மாவட்டத்தில் மகன் இருப்பது பெரும்பாலும் ரேஷன் கார்டில்தான். ஆள் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பான், இல்லை ஓசூரில், திருப்பூரில். பாலக்கோடு பக்கத்து அம்மா ஒருத்தர் படிவத்தைப் பக்கத்தில் இருந்த பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "இருக்கான் தாயி. பெங்களூர்ல கம்பி கட்றான். தீபாவளிக்கு வந்தா எனக்கு ஒரு சேல, அவனுக்கு ஒரு குவாட்டரு." பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகள் மீது 2007 சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுப்போடலாம் என்று எடுத்துச் சொன்னேன். "பெத்த புள்ள மேல கேஸ் போடச் சொல்றியா?" என்று ஒரு முறைப்பு முறைத்தார். மறுவிசாரணையில் மகன் பராமரிக்கவில்லை என்று வி.ஏ.ஓ. எழுதினார், தொகை கிடைத்தது. அப்போது மாதம் ஆயிரம் ரூபாய். 2023ல்தான் 1,200 ஆனது.

எழுத முடியாத காரணம் ஒன்றும் இருந்தது. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்று உச்சவரம்பு உண்டு. அவர்கள் தருவதும் 79 வயது வரை 200 ரூபாய், 80 ஆனால் 500; மிச்சம் மாநிலத்தின் பணம். கீழே எங்கள் மேஜைக்கு இது ஒதுக்கீடாக வந்து சேரும். ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால், தகுதியுள்ளவரிடமும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அப்போது காரணம் என்ற இடத்தில் எதை எழுதுவது? "தகுதியற்றவர்" என்றால் பொய். "ஒதுக்கீடு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடும் துணிச்சல் எனக்கும் வரவில்லை, மேலே கேட்டபோது வாய்மொழியாகக்கூடப் பதில் வரவில்லை. அந்த மனுக்களை "நிலுவை" என்று வைத்தோம். பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் இதையும் எழுதினேன். உங்கள் நாட்டிலிருந்து பயிற்சிக்கு வந்த குழுவோடு கலந்து பேசுங்கள் என்று பதில் போட்டார்கள். அவர்கள் பாடத்தில் இதற்கு அம்புக்குறி கிடையாது.

கொஞ்ச காலத்தில் எனக்கு மாறுதல் வந்துவிட்டது. எனக்குப் பின் வந்தவர் மேல்முறையீட்டு வரியை எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் பக்கமும் நியாயம் உண்டு: மேல்முறையீட்டுக்கு அறிக்கை எழுத ஆள் வேண்டும், அந்தப் பிரிவில் பாதி இடம் காலி. காரணம் எழுதும் வரியை மட்டும் உதவியாளர் எடுக்க விடவில்லையாம். அது இல்லாவிட்டால் வி.ஏ.ஓ. அறிக்கையை மறுபடி அவர்தான் போன் போட்டுப் போட்டு விசாரிக்க வேண்டியிருக்கும் என்றாராம்.