மலைவீட்டை விற்கக் கிளம்புமுன்

டிசம்பர் விடுமுறைக்கு டொரன்டோவிலிருந்து வந்து, மூன்றே வாரத்தில் கோத்தகிரி வீட்டுக்கு வெள்ளையடித்து விற்றுவிட்டுத் திரும்பலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்து டிசம்பர் வரை இழுக்கும். சுவர் ஈரம் குடித்துக் கிடக்கும் மாதம் அது. ஜூலை விடுமுறை ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஆகாது, அங்கே தென்மேற்கு மழை. சுவர் வேலைக்குத் தோதான காலம் தை பாதி முதல் பங்குனி வரை. வெயிலுக்குப் பயந்து கோவை, சென்னைக்காரர்கள் மேலே வீடு பார்க்க வருவதும் அதையொட்டித்தான். வேலை நடக்கும்போது நாம் ஊரில் இருக்கமாட்டோம் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்யவேண்டும்.

அதற்கு முதலில் பவர் பத்திரம், அதாவது நமக்குப் பதிலாக ஊரில் ஒருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம். வசிக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அல்லது நோட்டரி செய்து, அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று முத்திரை) வாங்கி அனுப்பலாம். கனடாவும் 2024 ஜனவரி முதல் அப்போஸ்டில் முறைக்கு வந்துவிட்டது. எது வேண்டும் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பத்திரம் இந்தியா வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று எல்லாம் முடித்த பிறகு பெயின்ட் டப்பாவைத் திறந்தால் போதும். வீட்டோடு தேயிலைத் தோட்டமும் இருந்தால், அந்த நிலத்தை இந்தியாவிலேயே வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு மட்டுமே விற்க முடியும். துபாயில் இருக்கும் மச்சானுக்கு எழுதிக்கொடுக்க வழியில்லை.

இனி சுவர். மலைவீட்டில் பின்சுவர்தான் எதிரி. சரிவை வெட்டிக் கட்டியிருப்பதால் மண் வருஷா வருஷம் சரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதன் வழியே தண்ணீர் உள்ளே இறங்கும். அதன்மேல் புட்டி பூசினால் அடுத்த மழைக்கே கொப்புளம் விட்டு, உப்பு பூத்து உதிரும். ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்புறம் கோத்திருந்தால் அறையில் காற்றோட்டம் இல்லை. முதலாவதென்றால் ஒட்டிய மண்ணை அகற்றி, வீட்டுத் தரைமட்டத்துக்குக் கீழே வடிகால் வெட்ட வேண்டும். தடுப்புச் சுவரின் தண்ணீர்க் குழாய்களில் அடைத்த வேரையும் மண்ணையும் குத்தி எடுக்கவேண்டும். அப்புறம் பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, சில வாரம் வெறும் சுவராக உலரவிட வேண்டும். இந்தக் காத்திருப்பைத்தான் மேஸ்திரிகள் தவிர்க்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூச்சு கூடவே கூடாது, ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். சுண்ணாம்பே அடியுங்கள்.

தகரக் கூரையில் போல்ட்டுகளின் ரப்பர் வாஷரை மாற்றினாலே பாதி ஒழுக்கு நிற்கும். மரத்தரை உள்ள வீட்டில் அடிப்பக்கக் காற்றுத் துளைகளைச் செடி மூடியிருக்கும், வெட்டிவிடுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டைக் காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை திறந்து வையுங்கள். மாலை மூடுபனி ஏறுமுன் சன்னலைச் சாத்திவிட வேண்டும்.

விலை பேசும்போதே வரியையும் பேசிவிடுங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால், வாங்குபவர் உள்ளூர்க்காரருக்குப் போல விலையில் 1 சதவீதம் வரி பிடிப்பது தவறு. 2 வருடத்துக்கு மேல் கையிலிருந்த சொத்துக்கு லாபவரி 12.5 சதவீதம், அதோடு வரியின்மேல் செஸ், தொகையைப் பொறுத்து சர்சார்ஜ் என்னும் கூடுதல் வரி. குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரித்துறையில் முன்பே வாங்காவிட்டால், லாபத்துக்கு மட்டும் இல்லாமல் முழு விற்பனைத் தொகைக்கும் பிடித்துவிடுவார்கள். திரும்பப் பெற வரிக்கணக்கு தாக்கல் செய்து காத்திருக்க வேண்டும். 2001 ஏப்ரலுக்கு முன்பே குடும்பத்தின் கையில் இருந்த பரம்பரை வீடு என்றால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்புக்கு மதிப்பீட்டாளர் அறிக்கை வாங்கி வையுங்கள், லாபம் அதிலிருந்துதான் கணக்காகும்.

பணம் என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருவாய்க்கான ரூபாய் வங்கிக் கணக்கு) விழும். நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை ஆடிட்டர் சான்றோடு வெளியே அனுப்பலாம். அங்கே வீடு வாங்க முன்பணமாக இதை நம்பியிருந்தால், கனடா வங்கிகள் பெரும்பாலும் 90 நாள் கணக்கு விவரமும் பணம் வந்த வழியும் கேட்கும். கிரயப் பத்திரம் பெரும்பாலும் தமிழில்தான் இருக்கும். சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பைப் பதிவு முடிந்த வாரமே வாங்கிவிடுங்கள்.