கரும்புக் கொல்லையில் தாழை நட்டோம்

மொரீஷியஸ் தீவின் நூவெல் ஃபிரான்ஸ் ஊருக்கு அருகே எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஆர்ப்பான் நிலம் உண்டு. ஏறத்தாழ 8,400 சதுர மீட்டர். நான்கு தலைமுறையாக அதில் கரும்பைத் தவிர வேறெதுவும் விளைந்ததில்லை. 2006க்கும் 2009க்கும் இடையில், எங்கள் சர்க்கரையை வாங்கிவந்த ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரைக்கு உறுதியளித்திருந்த விலையை 36 விழுக்காடு குறைத்தது. அதன்பின் மொரீஷியஸின் சிறு விவசாயிகள் பலருக்கு வெட்டுக்கூலியே கட்டுபடியாகவில்லை. அப்பா சில ஆண்டுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, 2018ஆம் ஆண்டு அறுவடையோடு நிறுத்திக்கொண்டார். கரும்புக் கட்டைகளைப் பெயர்த்தெடுத்த பிறகு நிழலே இல்லாத வெற்று மண்ணும், அதன் நடுவே ஆறு கருங்கற் குவியல்களுமே எஞ்சின.

இத்தீவின் மண் எரிமலை தந்தது. நிலத்தைத் திருத்தவந்த நம் முன்னோர் கையால் பொறுக்கி அடுக்கிய கற்கள்தாம் இன்றும் கரும்புக் கொல்லைகளின் நடுவே குன்றுகளைப் போல நிற்கின்றன. தோட்டம் அமைத்துத் தர வந்த ஒப்பந்தக்காரர் முதல் வேலையாக அவற்றை எந்திரத்தால் அள்ளி அகற்றிவிட்டுப் புல்தரை விரிக்கலாம், ஓரங்களில் பனை வகைகளை வரிசையாக வைக்கலாம் என்று வரைந்து காட்டினார். நானும் அந்தப் படத்தில் மயங்கியிருந்தேன். அப்பாதான், "அது எங்க தாத்தா கை வெச்ச கல்லு, அது இருக்கட்டும்" என்றார். பாசத்தினால் அவர் சொன்ன அந்தச் சொல்லே தோட்டத்தின் அமைப்பை முடிவுசெய்தது என்பதை நான் பின்னாளில்தான் உணர்ந்தேன்.

குவியல்களின் மேல் வெயில் ஏறும் வேளையில் இரண்டொரு பச்சைப் பல்லிகள் வந்து அமர்வதைக் கண்டேன். நம் வீட்டுச் சுவரில் இரவில் உலவும் பல்லியைப் போலன்றிப் பகலில் திரிபவை இவை. பச்சை உடலில் நீலமும் சிவப்பும் கலந்திருக்கும். பூச்சிகளோடு பூந்தேனையும் உண்பதால் சில செடிகளுக்கு மகரந்தம் சுமப்பவையும் இவையே. இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. த்ரோஷெத்தியா பிளாக்பர்னியானா என்பது இத்தீவில் மட்டுமே வளரும் ஒரு செடி. அதன் தேன் மஞ்சள் நிறமுடையது. அடர்ந்த தாழம்புதருக்கு அருகில் நிற்கும் செடிகளைப் பல்லிகள் அதிகம் நாடுகின்றன என்றும், அச்செடிகளே மிகுதியாகக் காய்க்கின்றன என்றும் 2007இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. முள் விளிம்பு கொண்ட தாழை மடல்களுக்குள் பல்லிக்கு ஒளிவிடம் கிடைக்கிறது. அங்கிருந்து எட்டும் தூரத்தில் இருக்கும் பூவுக்குத்தான் அது துணிந்து வருகிறது. எத்தனை அழகான பூச்செடியை நட்டாலும், பக்கத்தில் பதுங்க இடமில்லையென்றால் உயிரினம் வராது என்பது எனக்கு அப்போது விளங்கியது.

ஆகவே வரிசையை மாற்றிக்கொண்டோம். ஒவ்வொரு கற்குவியலையும் நடுவாக வைத்து, அதன் நிழல் விழும் பக்கத்தில் தாழையும், தாழையிலிருந்து நாலைந்து அடிக்குள் த்ரோஷெத்தியாவும் நட்டோம். அவற்றுக்கு வெளியே வேலியாக அமைந்தது விராலி. புதுக்கோட்டைப் பக்கத்து விராலிமலைக்குப் பெயர் தந்த அதே செடிதான் இங்கே புவா த ரெனெத் என்ற பெயரில் இயல்பாக வளர்கிறது என்று அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. நாற்றங்காலில் கிடைத்த மண்ணின் மரங்களில் தக்கமாக்கா நம் புன்னையின் இனம். எபென் கருங்காலியின் இனம். நெய்தல் பாடல்களில் சேர்ந்து வரும் தாழையும் புன்னையும் இவ்வளவு தொலைவில், உறவினர் வடிவில், நம் கொல்லையில் நிற்கின்றன. கரும்புச் சோகையை முழங்கால் உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பியதால் முதல் ஆண்டு நீர் ஊற்றும் வேலை பெரிதும் குறைந்தது.

களைதான் ஓயாத வேலை. சீனக் கொய்யாவை உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்ன எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் பிரேசிலிலிருந்து வந்த அந்தச் செடி மண்ணின் மரக்கன்றுகளுக்கு இடமே விடாது. கொண்டைச் சின்னான் குருவி அதன் பழத்தைத் தின்று விதையைக் கொட்டிய இடமெல்லாம் மாதம் ஒருமுறை கையால் பிடுங்குகிறோம். குளம் வெட்டும் எண்ணத்தைக் கைவிட்டேன். 2006இல் சிக்குன்குனியாவில் வீடே படுத்துக் கிடந்ததை அம்மா மறக்கவில்லை.

வௌவால் பற்றித்தான் வீட்டில் கருத்து வேறுபாடு நீடித்தது. இத்தீவின் பழந்தின்னி வௌவால் லிச்சியையும் மாம்பழத்தையும் தின்பதால் 2015 முதல் அரசே பல ஆயிரக்கணக்கில் கொன்றது. 2018இல் அது அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. காட்டு மரங்கள் பலவற்றின் விதையைத் தொலைவுக்குக் கொண்டுசெல்வதும் அதுவே. அப்பாவுக்கோ லிச்சி உயிர். முடிவில் இரண்டு லிச்சி மரங்களுக்கு மட்டும், விரல் நுழையாத சிறு கண்ணுள்ள வலையை இறுக்கிக் கட்டினோம். தளர்ந்த வலையில் வௌவால் சிக்கிச் சாகும். மூன்றாவது மரத்தை அப்பாவே வலையில்லாமல் விட்டுவிட்டார். காரணத்தை நான் கேட்கவில்லை.

2024 ஜனவரியில் பெலால் புயல் கடந்தபோது, முன்வாசலில் ஆசைக்கு வைத்த வெளிநாட்டுப் பனைகள் இரண்டு சாய்ந்தன. விராலி வேலி இலை உதிர்ந்து நின்றது, மூன்று வாரத்தில் மீண்டும் துளிர்த்தது. பிக்பிக் என்று கூவும் சிறிய சாம்பல் குருவிகள் இப்போது அந்த வேலிக்குள்தான் கூட்டமாகப் புகுந்து பூச்சி தேடுகின்றன.

சென்ற ஆண்டு, இரண்டாம் குவியலருகே உள்ள த்ரோஷெத்தியாவில் முதன்முறையாகக் காய் பிடித்தது. புல்தரையோரம் தனியாக நட்டிருந்த மூன்று செடிகளும் பூத்தன, ஆனால் காய்க்கவில்லை. அவற்றின் பக்கத்திலும் தாழை வைக்கக் குழி தோண்டியாகிவிட்டது. காயிலிருந்து எடுத்த விதைகளில் பதினான்கு முளைத்துள்ளன. டிசம்பர் மழை பிடித்ததும் அவற்றை மற்றக் குவியல்களைச் சுற்றியும் நடுவதாக இருக்கிறோம்.