சின்டெக்ஸ் பிறந்த ஊர்

எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டி என்று யாரும் சொன்னதில்லை. சின்டெக்ஸ்தான். "சின்டெக்ஸ்ல தண்ணி எவ்ளோ இருக்குன்னு பாரு" என்று அப்பா குரல் கொடுத்தால் மாடிக்கு ஓடுவேன். மூடியைத் திறக்க மாட்டேன். விரல் முட்டியால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனால், 'மொத் மொத்' என்ற சத்தம் ஓரிடத்தில் 'டொம்' என்று மாறும். அதுவரை தண்ணீர்.

அதனால்தான் அகமதாபாத் போனபோது ஒரு நாளை, சின்டெக்ஸ் பிறந்த ஊரான கலோலுக்கு ஒதுக்கினேன். வழியில் அடாலஜ் படிக்கிணறு. 1499-இல் ராணி ரூடாபாய் கட்டி முடித்தது. ஐந்து அடுக்கு. படியிறங்க இறங்க வெயில் மேலேயே நின்றுவிடுகிறது. தண்ணீரைச் சேர்த்து வைப்பதற்கு இந்த மண் இவ்வளவு பாடுபட்டிருக்கிறதே என்று தூண்களைத் தொட்டபடியே நின்றேன். அங்கிருந்து வடக்கே போனால் வயல்களுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்று இயந்திரங்கள் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கின்றன.

கலோலில் 1931-இல் தொடங்கியது பாரத் விஜய் மில்ஸ் என்ற துணி ஆலை. படேல் குடும்பத்தின் கையில் இருந்தது. 1975-இல் அவர்கள் பிளாஸ்டிக்கில் இறங்கினார்கள். ஆலைகளுக்கு வேண்டிய கேன்களும் பெரிய கொள்கலன்களும் செய்துகொண்டிருந்தவர்கள், சில ஆண்டுகளில் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தார்கள். பொடியைச் சூட்டில் ஒட்டவைக்கும் 'சின்டரிங்'கில் பாதி, 'டெக்ஸ்டைல்' பாதி. அதுதான் சின்டெக்ஸ். துணி ஆலையின் பெயரை நாம் மாடியில் தூக்கி வைத்திருக்கிறோம் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

செய்முறையும் அழகானது. உள்ளே கூடாக இருக்கும் இரும்பு அச்சில் பாலிஎத்திலீன் பொடியைப் போட்டு, சூளைக்குள் இரண்டு திசையிலும் மெல்லச் சுழற்றுவார்கள். பொடி உருகிச் சுவரெங்கும் தோசை மாவுபோலப் படியும். தையல், ஒட்டு எதுவும் கிடையாது. கறுப்பு நிறம் வெளிச்சத்தை உள்ளே விடாது, பாசி பிடிக்காது. சிமென்ட் தொட்டி விரிசல் விட்டு, இரும்புத் தொட்டி துருவேறிய காலத்தில், ஐந்நூறு லிட்டர் தொட்டியை இரண்டு பேர் கயிறு கட்டி மாடிக்கு ஏற்ற முடிந்தது. எங்கள் வீட்டுக்கு அது வந்த அன்று தெருவே வேடிக்கை பார்த்தது.

பிறகு கடன் மூழ்கடித்தது. 2023-இல் துணித் தொழில் ரிலையன்ஸ் கூட்டணிக்கும் தொட்டித் தொழில் வெல்ஸ்பன் நிறுவனத்துக்கும் போயின. அதைப் படித்தபோது சொந்தக்காரர் வீடு கைமாறியதுபோல இருந்தது.

கலோல் டீக்கடையில் எனக்குக் குஜராத்தி வரவில்லை. கையால் தொட்டி வரைந்து காட்டினேன். "டாங்கி?" என்று சிரித்தார் பெரியவர். ஆங்கிலத்து 'டேங்க்' இந்தக் குஜராத்திச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. அவர் கடைக்குப் பின்னால் கூட்டிப் போனார். செங்கல் மேடைமேல் கறுப்புத் தொட்டி, எழுத்தெல்லாம் வெயிலில் வெளுத்திருந்தது. கேட்காமலே தட்டிப் பார்த்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது தண்ணீர்.