வம்சாவளியா, பதிவா?

இலங்கையில் அரசாங்க வேலைக்கான விண்ணப்பங்களில் ஒரு கேள்வி வரும்: நீங்கள் வம்சாவளிப் பிரஜையா, பதிவுப் பிரஜையா? பதிவு என்றால் சான்றிதழ் இலக்கத்தையும் திகதியையும் எழுத வேண்டும். நம்ம தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் பேனாவோடு முழிப்பார்கள். போன கிழமை அக்கா மகன் ஹட்டனிலிருந்து போன் எடுத்து, "மாமா, தாத்தாவோட பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கு, அந்த நம்பரையே போட்டுறவா?" என்றான்.

போடாதே என்றேன். அந்த நம்பர் தாத்தாவுடையது.

வம்சாவளி என்றால் பிறப்பிலேயே வந்த உரிமை. பதிவு என்றால் கேட்டு, அரசு பார்த்துக் கொடுத்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, அதற்கு முன் இங்கே பிறந்தவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய அப்பா இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பா வழித் தாத்தாவும் பூட்டனும் (அந்தத் தாத்தாவின் அப்பா) இரண்டு பேருமே இங்கே பிறந்திருக்க வேண்டும். செக்ரோலில் (தோட்டத்துப் பேர்ப் பதிவேட்டில்) பேர் இருந்தாலே பெரிய விஷயம் என்றிருந்த, இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களான லயத்துச் சனம் (தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள்) பூட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போகும்? அதனால்தான் 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் பதிவுக்குப் போனார்கள். அதிலும் கலியாணம் கட்டியவர் 7 வருடம், கட்டாதவர் 10 வருடம் இங்கேயே தொடர்ந்து இருந்ததை நிரூபிக்க வேண்டும்.

இனி பலருக்குத் தெரியாத விஷயம். 1948 சட்டம் வந்த பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்கு, பிறக்கும்போது அப்பா பிரஜையாக இருந்தால் போதும், பிள்ளை வம்சாவளிப் பிரஜை. அப்பாவுக்கு அது பதிவால் வந்ததா என்று சட்டம் பார்ப்பதில்லை. (2003 திருத்தத்துக்கு அப்புறம் அம்மா பிரஜையாக இருந்தாலும் சரி.) அக்கா மகனின் அப்பா பிறந்தது தாத்தா பதிவான பிறகு. ஆக அப்பாவும் வம்சாவளி, இவனும் வம்சாவளி. அப்பா முன்னாடியே பிறந்து பத்திரத்தில் பேர் சேர்த்திருந்தால் அவர் பதிவுப் பிரஜை, ஆனால் இவன் அப்போதும் வம்சாவளிதான்.

1978 அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரை, எந்த வழியில் வந்தாலும் எல்லாரும் இலங்கைப் பிரஜை, வேறுபாடு காட்டக்கூடாது என்கிறது. பிரஜாவுரிமையை இழக்கும் விதிகள் மட்டும்தான் இரண்டு வகைக்கும் ஒரே மாதிரி இல்லை. அப்படியிருக்க வேலைக்கு ஆள் எடுக்க இந்தக் கேள்வி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

அதற்காகத் தாத்தாவின் பத்திரத்தை வீசிவிடாதீர்கள். அப்பா பிறந்தபோது தாத்தா பிரஜை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அப்பாவின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள், யாராவது கேட்டால் திகதி இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.